கிராப்ஸ் மேசையில் எதில் கட்டுவது?

கனடாவிலிருந்து வந்து நிற்கும் மச்சான் ‘ஐயன் குரொஸ்’ என்று பந்தயம் கட்டும் முறை ஒன்று வைத்திருக்கிறாராம். 36 எறிதலில் 30 தரம் வெல்லுமாம். இரண்டு பேரும் ஒன்றரை லட்சம் ரூபாவோடு கொழும்புக் கசினோ ஒன்றுக்குப் போய், இரண்டு தாயக்கட்டையை எறிந்து ஆடும் கிராப்ஸ் விளையாடலாமா, அந்த முறை சரியா, இல்லாவிட்டால் வேறு எப்படிக் கட்டுவது என்று தம்பி கேட்டிருக்கிறீர்கள்.

அந்த 30 உண்மைதான். மச்சான் பொய் சொல்லவில்லை. 30 தரம் வென்றும் காசு குறையும் என்பதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் உல்லாசக் கப்பல்களில் எட்டு வருடம் கிராப்ஸ் மேசையில் டீலராக நின்றவன். ஐயன் குரொஸ்காரரை ஒவ்வொரு பயணத்திலும் பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர்கள், சிரித்துக்கொண்டே தோற்பவர்கள்.

முதலில் அடிப்படை. ஒரு கட்டையை எறிந்தால் எந்த முகமும் சமம். இரண்டு கட்டையின் கூட்டுத்தொகை அப்படியில்லை. மொத்தம் 36 விதமாக விழலாம். அதில் 7 வருவதற்கு ஆறு வழி. 6க்கும் 8க்கும் ஐந்து வழி, 5க்கும் 9க்கும் நான்கு, 4க்கும் 10க்கும் மூன்று, 3க்கும் 11க்கும் இரண்டு, 2க்கும் 12க்கும் ஒவ்வொன்று. இந்த வரிசை மனத்தில் நின்றால் மேசையில் எழுதியிருக்கும் ஒவ்வொரு பந்தயத்தையும் நீங்களே நிறுத்துப் பார்க்கலாம்.

ஆட்டம் இதுதான். எறிபவரை ஷூட்டர் என்பார்கள். ஷூட்டர் வெல்வார் என்று கட்டும் இடமான பாஸ் லைனில் காசு வைக்கிறீர்கள். முதல் எறி, அதாவது கம் அவுட், 7 அல்லது 11 ஆனால் உடனே வெற்றி. 2, 3, 12 விழுந்தால் உடனே தோல்வி. மற்றது எது விழுந்தாலும் அதுதான் ‘பொயின்ட்’. அதன்பிறகு 7க்கு முன் அந்தப் பொயின்ட் திரும்ப விழ வேண்டும். விழுந்தால் வெற்றி, 7 முந்தினால் எல்லாம் போச்சு. முதல் எறியில் நண்பனாக இருந்த 7 அடுத்த எறியிலிருந்து எமனாகிவிடும். அதனால்தான் பொயின்ட் விழுந்தபிறகு அந்த மேசையில் யாரும் அந்த எண்ணின் பெயரைச் சொல்வதில்லை. மச்சானுக்கும் சொல்லிவையுங்கள், வாய்தவறிச் சொன்னால் பத்துப் பேர் திரும்பி முறைப்பார்கள்.

முதல் எறியில் வெல்ல எட்டு வழி, தோற்க நான்கு வழி. அங்கே சாதகம் உங்கள் பக்கம். பொயின்ட் விழுந்தபிறகு எப்போதும் மேசையின் பக்கம். அதனால்தான் பாஸ் லைனில் வைத்த காசைப் பொயின்ட் விழுந்தபிறகு எடுக்க விடமாட்டார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் 495 ஆட்டத்தில் நீங்கள் 244 வெல்வீர்கள், 251 தோற்பீர்கள். வித்தியாசம் ஏழு. அந்த ஏழுதான் கசினோவின் வருமானம், 1.41 வீதம்.

இதை ‘ஹவுஸ் எட்ஜ்’ என்று சொல்வார்கள். நான் கழிவு என்று சொல்கிறேன். யாழ்ப்பாணத்துச் சந்தைக்கு மரக்கறி கொண்டுபோய் நூறு கிலோவில் பத்துக் கிலோவைக் கழிவாக விட்டுவிட்டு வந்த குடும்பம் என்றால் உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. கசினோவிலும் அதே கதைதான். ஒவ்வொரு மூலையிலும் வேறு வேறு கழிவு. எந்த மூலையில் நிற்பது என்பது மட்டும்தான் உங்கள் கையில் உள்ளது. கழிவே இல்லாத மூலை ஒன்றே ஒன்று உண்டு, அதற்கு வருகிறேன்.

பாஸுக்கு எதிர்ப்பக்கம் ‘டோன்ட் பாஸ்’. ஷூட்டர் தோற்பார் என்று கட்டுவது. கழிவு 1.36 வீதம், மயிரிழை குறைவு. பாஸைத் தலைகீழாக்கினால் நமக்குத்தானே லாபம் வர வேண்டும் என்று நினைப்பீர்கள். வந்திருக்கும், ஆனால் அங்கே 12 விழுந்தால் வெற்றி தராமல் சமநிலை என்று வைத்துவிட்டார்கள். அந்த ஒரேயொரு வழியில் சாதகம் முழுதும் கசினோவுக்குத் திரும்பிவிடுகிறது. கணக்குப்படி நல்ல பந்தயம்தான். ஆனால் மேசையே ஷூட்டருக்காகக் கத்தும்போது நீங்கள் மட்டும் 7க்குக் காத்து நின்றால் செத்தவீட்டில் சிரித்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். என்னால் அதைத் தாங்க முடியாது. உங்களால் முடிந்தால் விளையாடுங்கள்.

இப்போது அந்தக் கழிவில்லாத மூலை. பொயின்ட் விழுந்தபிறகு பாஸ் லைன் காசுக்குப் பின்னால் இன்னொரு பந்தயம் வைக்கலாம். அதற்குப் பெயர் ‘ஓட்ஸ்’. மேசைத் துணியில் பெரும்பாலும் அதற்கு இடமே வரைந்திருக்காது, விளம்பரமும் கிடையாது. காரணம் இலகு, கசினோவுக்கு அதில் ஒரு சதமும் இல்லை. பொயின்ட் 4 அல்லது 10 என்றால் 7க்கு ஆறு வழி, உங்களுக்கு மூன்று வழி. ஆகவே ஒன்றுக்கு இரண்டு தருவார்கள். 5, 9 என்றால் இரண்டுக்கு மூன்று. 6, 8 என்றால் ஐந்துக்கு ஆறு. உண்மையான வாய்ப்பு எவ்வளவோ அவ்வளவே கொடுப்பனவு. கசினோ முழுவதும் தேடினாலும் இப்படி இன்னொன்று கிடைப்பது அரிது.

எவ்வளவு வைக்கலாம் என்பதை மேசையில் போட்டிருப்பார்கள். அதிகம் காணப்படுவது ‘3-4-5’ என்ற முறை. பாஸ் லைன் காசைப்போல் 4, 10க்கு மூன்று மடங்கு, 5, 9க்கு நான்கு மடங்கு, 6, 8க்கு ஐந்து மடங்கு. இதில் ஒரு அழகு உண்டு. முழுமையாக வைத்தால் எந்தப் பொயின்ட் அடித்தாலும் ஓட்ஸ் பாஸ் லைன் காசைப்போல் சரியாக ஆறு மடங்கு தரும். மூன்றின் இரட்டிப்பும் ஆறு, நான்கின் ஒன்றரையும் ஆறு, ஐந்துக்கு ஆறும் ஆறு. டீலருக்கு மண்டை உடையாது. இப்படி வைத்தால், கட்டும் மொத்தக் காசில் கழிவு 0.37 வீதத்துக்கு இறங்கிவிடும்.

இந்த இடத்தில் நிறையப் பேர் வழுக்குவார்கள். ஓட்ஸ் வைப்பதால் நீங்கள் இழக்கும் ரூபா குறையாது. ஆயிரம் ரூபா பாஸ் லைனில் வைத்தால் சராசரியாக 14 ரூபா போகும். பின்னால் ஐயாயிரம் வைத்தாலும் அதே 14 ரூபாதான் போகும். வீதம் குறைவது, கழிவில்லாத காசும் கணக்கில் சேர்வதால். ஏற்ற இறக்கமோ பல மடங்கு கூடும். ஆகவே ஓட்ஸ் வைக்கிறேன் என்று மேலதிகக் காசு இறக்குவதில் பயனில்லை. பாஸ் லைனில் மூவாயிரம் வைக்க நினைத்து வந்தவர் ஆயிரத்தை அங்கே வைத்து இரண்டாயிரத்தைப் பின்னுக்கு வைப்பதுதான் சரி. அதே காசு இறங்குகிறது, கழிவு மூன்றில் ஒன்று. கிராப்ஸில் உத்தி என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லக்கூடியது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். 6, 8க்கு ஓட்ஸை ஐந்தின் மடங்கிலும் 5, 9க்கு இரண்டின் மடங்கிலும் வையுங்கள். இல்லாவிட்டால் மிச்சச் சில்லறையைக் கசினோ தன் பக்கம் முழுமையாக்கிக்கொள்ளும்.

பொயின்டுக்குக் காத்திராமல், நேராக ஒரு எண் 7க்கு முன் விழும் என்று கட்டுவது ‘பிளேஸ்’. 6, 8 இல் ஆறுக்கு ஏழு தருவார்கள், கழிவு 1.52 வீதம், பரவாயில்லை. 5, 9 இல் 4 வீதம். 4, 10 இல் 6.67. அந்த இரண்டையும் விட்டுவிடுங்கள்.

நடுவில், குச்சியால் கட்டையைத் தள்ளிக் கொடுக்கும் ஸ்டிக்மேனுக்கு முன்னால் இருக்கும் படம் போட்ட கட்டங்கள்தான் புதைகுழி. ‘எனி செவன்’ என்பது அடுத்த எறி 7 என்று கட்டுவது. சரியான கொடுப்பனவு ஒன்றுக்கு ஐந்து, தருவதோ நான்கு. கழிவு 16.67 வீதம், சந்தைக் கழிவையும் தாண்டிவிட்டது. 12 இல் கட்டினால் ஒன்றுக்கு 30 தருவார்கள், கழிவு 13.89. 6 அல்லது 8 சோடியாக விழும் என்ற ‘ஹார்ட்வே’யில் 9.09. குச்சியைப் பிடித்து நின்ற காலத்தில் புறக்கோட்டை நடைபாதை வியாபாரிபோல் இவற்றைக் கூவி விற்றது நான்தான். கூவ வேண்டும் என்பது எங்களுக்குக் கட்டளை. ஓட்ஸைக் கூவச் சொல்லி ஒரு முகாமையாளரும் என்னிடம் சொன்னதில்லை.

ரூபாவில் பாருங்கள். ஓரளவு ஆட்கள் நிற்கும் மேசையில் மணித்தியாலத்துக்குச் சுமார் 100 எறி நடக்கும். பாஸ் லைன் ஒரு முடிவுக்கு வரச் சராசரியாக மூன்றரை எறி போகும், ஆகவே மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 30 ஆட்டம். ஆயிரம் ரூபாப் படி விளையாடினால் எதிர்பார்க்கும் இழப்பு 424 ரூபா. அதே ஆயிரத்தை ஒவ்வொரு எறிக்கும் எனி செவனில் வைத்தால் 16,667 ரூபா. ஒரே மேசை, ஒரே கட்டை, ஒரே மணித்தியாலம்.

சரி, மச்சானின் முறைக்கு வருவோம். ஃபீல்ட் என்ற கட்டத்தில் 500 ரூபா. அது 2, 3, 4, 9, 10, 11, 12 விழுந்தால் வெல்லும். மிச்சமிருக்கும் 5 இல் 500, 6 இல் 600, 8 இல் 600. மொத்தம் 2,200 ரூபா மேசையில். 7ஐத் தவிர எது விழுந்தாலும் ஏதாவது கிடைக்கும். ஆகவே 36 இல் 30. கணக்கைப் போடுங்கள். 36 எறியும் சரியாக 36 விதமாக விழுகிறது என்று வைப்போம். ஃபீல்டில் 14 தரம் 500 ரூபா, அது 7,000. 2க்கும் 12க்கும் இரட்டிப்பு, அது 2,000. 5 விழும் நான்கு தரமும் பிளேஸில் 700 வரும், ஆனால் ஃபீல்டின் 500 போய்விடும், மிச்சம் 200 படி 800. 6, 8 பத்துத் தரம் விழும், அதுவும் 200 படி 2,000. மொத்த வரவு 11,800. இனி 7. ஆறு தரம் விழும், ஒவ்வொரு தரமும் 2,200 முழுதாகப் போகும். 13,200. ஆக 30 தரம் வென்று, ஆறு தரம் தோற்று, 1,400 ரூபா நட்டம்.

சில மேசைகளில் ஃபீல்டின் 12க்கு மூன்று மடங்கு தருவார்கள். அப்போது நட்டம் 900 ஆகக் குறையும், லாபமாக மாறாது. மாறவும் முடியாது. கழிவுள்ள நான்கு பந்தயத்தை ஒன்றாகக் கட்டினால் நான்கின் கழிவும் சேர்ந்துதான் வரும். அடிக்கடி வெல்வதும் காசு வெல்வதும் இரண்டு வேறு விஷயம். ஐயன் குரொஸ் முதலாவதை அள்ளித் தருகிறது. அந்தச் சந்தோஷத்துக்கு மணித்தியாலத்துக்கு நாலாயிரம் ரூபா அளவில் கொடுக்க மனமிருந்தால் அது மச்சானின் விருப்பம்.

மற்ற முறைகளையும் யாராவது காதில் போடுவார்கள். தோற்கத் தோற்க இரட்டிப்பது பழையது. அதை நானே செய்து பார்த்தேன். கப்பல் ஒரு துறைமுகத்தில் இரண்டு நாள் நின்றபோது கரையில் ஒரு கசினோவுக்குப் போனேன், சம்பளம் கையில். இரவு பதினொரு மணிவரை நான் மகாராசன். அதற்குப் பிறகு ஏழு தரம் தொடர்ந்து தோற்றேன். எட்டாவதற்கு வைக்க மேசையின் உச்ச எல்லை இடம் தரவில்லை, இடம் தந்திருந்தாலும் காசு இல்லை. ஆயிரம் ரூபாவில் தொடங்குகிறீர்கள் என்று வையுங்கள். ஏழு தோல்வியில் 1,27,000 போயிருக்கும், எட்டாவதற்கு 1,28,000 வேண்டும், எல்லாம் அந்த முதல் ஆயிரத்தை வெல்வதற்காக. உங்கள் ஒன்றரை லட்சம் அங்கேயே முடிந்துவிடும். நாலு மணித்தியாலம் பாஸ் லைனில் நின்றால் இப்படி ஏழு தொடர் தோல்வி ஒரு தரமாவது வரும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கு மேல். நான் இதைக் கணக்குப் போட்டது அன்று விடிய, கப்பலுக்குத் திரும்பிப் போய்.

கட்டையைப் பிடிக்கும் விதத்தில் 7ஐத் தவிர்க்கலாம் என்பார்கள். கட்டை எதிர்ச் சுவரில் பட்டுத்தான் விழ வேண்டும் என்பது விதி, அந்தச் சுவர் முழுதும் ரப்பர் கூம்புகள். அதில் பட்டுத் தெறித்தபிறகு சகுனிக்கே கட்டுப்படாது. அதிர்ஷ்டக் கையோ உண்டு, முன்கூட்டித் தெரியாது என்பது மட்டும்தான் குறை. ஒரு ஷூட்டர் சராசரியாக எட்டரை எறி எறிந்து கட்டையைக் கைமாற்றுவார். 2009 மே மாதம் அத்லாந்திக் சிற்றியில் பற்றீசியா டிமோரோ என்ற பெண் 154 எறி எறிந்தார், நாலு மணித்தியாலத்துக்கு மேல். அதற்கு முன் சாதனை 1989 இல் லாஸ் வேகாஸில் ஸ்ரான்லி ஃபுஜிடாகே எறிந்த 118. இப்படி ஒரு இரவு யாருக்கும் வரலாம். வருகிற இரவில் நீங்கள் எந்த முறையில் கட்டியிருந்தாலும் வெல்வீர்கள், பிறகு அந்த முறைதான் வென்று தந்தது என்று பேரப்பிள்ளைகளுக்கும் சொல்வீர்கள்.

கொழும்புக்கு வருவோம். முதல் கேள்வி முறை அல்ல, மேசை. நம்மூர்க் கசினோக்களில் கூட்டம் பக்கரா, பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டங்களிலும் ரூலட் சக்கரத்திலும்தான். கிராப்ஸ் ஆள்வலு தின்னும் ஆட்டம். முழு மேசைக்கு இரண்டு டீலர், ஒரு ஸ்டிக்மேன், காசைக் கண்காணிக்கும் ஒரு பொக்ஸ்மேன் என்று நாலு பேர் வேண்டும். பக்கராவுக்கு ஒருவரே போதும். ஆகவே போகமுன் தொலைபேசியில் கேளுங்கள், பழைய இடமோ, 2025 ஆகஸ்டில் பேர வாவிப் பக்கம் திறந்த சிற்றி ஒஃப் ட்ரீம்ஸோ. கிராப்ஸ் மேசை இன்று திறந்திருக்கிறதா, குறைந்த பந்தயம் எவ்வளவு, ஓட்ஸ் எத்தனை மடங்கு என்று மூன்று கேள்வி. கட்டை இருக்கிறது என்று சொல்லி மூன்று கட்டையுள்ள சிக்போவைக் காட்டினால் அது வேறு ஆட்டம். அதில் கூட்டுத்தொகை பெரிதா சிறிதா என்று கட்டுவது 2.78 வீதம், மற்றதில் பெரும்பாலானவை அதைவிட மோசம்.

கிராப்ஸ் இல்லையென்றால் பாஸ் லைனுக்குப் பக்கத்தில் வரக்கூடியது பக்கரா. அதில் இரண்டு பக்கத்தில் எது வெல்லும் என்று கட்டுவீர்கள், பாங்கர் பக்கம் 1.06 வீதம், பிளேயர் பக்கம் 1.24. சமநிலையில் கட்டாதீர்கள், அது 14 வீதத்துக்கு மேல். ரூலட்டில் ஒரு பூச்சியம் உள்ள சக்கரம் 2.70, இரண்டு பூச்சியம் என்றால் 5.26. சக்கரத்தைப் பார்த்துவிட்டு இருங்கள்.

இன்னொன்று, இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இலங்கைப் பிரசைகளிடம் வாசலில் நுழைவு அறவீடு வாங்க வேண்டும் என்பது சட்டம். 1988 ஆம் ஆண்டின் பந்தய, சூதாட்ட அறவீட்டுச் சட்டத்தில் பிறகு சேர்த்தது. முன்பு 50 டொலராக இருந்தது, பிறகு அதையும் ஏற்றினார்கள். மச்சான் கனேடியக் கடவுச்சீட்டைக் காட்டிக்கொண்டு உள்ளே போவார், தம்பிதான் கட்ட வேண்டும். பழைய 50 டொலரையே எடுத்து, டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 15,000 ரூபா. பாஸ் லைனில் ஆயிரம் ரூபாப் படி 35 மணித்தியாலம் நின்றால் போகும் கழிவு அவ்வளவுதான். 1.41ஆ 1.36ஆ என்று மயிர் பிளந்துகொண்டிருக்கும் நமக்கு, பந்தய வில்லைகளான சிப்ஸை வாங்கமுன்னரே ஒன்றரை லட்சத்தில் பத்து வீதம் போய்விட்டது. சாப்பாடும் குடியும் இலவசம் என்பார்கள். சாப்பிடுங்கள். குடித்துவிட்டு நடுக்கட்டத்துக்குக் கை நீட்டாதீர்கள், அந்த விஸ்கியின் விலையை எனி செவனில் பிடித்துக்கொள்வார்கள்.

அப்படியும் போவதென்றால், ஒன்றரை லட்சத்தையும் சட்டைப்பையில் வைக்க வேண்டாம். ஐம்பதாயிரம் கையில், மிச்சம் வீட்டில், வங்கி அட்டையும் வீட்டில். பாஸ் லைனில் மேசையின் ஆகக் குறைந்த தொகை, பின்னால் இரட்டிப்பு ஓட்ஸ். கை துருதுருத்தால் 6 அல்லது 8 இல் ஒரு பிளேஸ், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். கட்டையை ஒரு கையால் மட்டும் எடுங்கள், மேசைக்கு வெளியே கொண்டுபோகாதீர்கள். டீலரின் கையில் காசைக் கொடுக்காமல் துணியில் வையுங்கள், அவருக்குக் கையில் வாங்க அனுமதியில்லை.

மச்சான் இன்னும் நம்பவில்லையென்றால் வெள்ளவத்தைக் கடையில் ஒரு சோடி கட்டையும் கால் கிலோ கச்சானும் வாங்குங்கள். நூறு ரூபாவுக்கு ஒரு கச்சான். ஒவ்வொரு எறிக்கும் அவர் 22 கச்சான் மேசையில் வைக்கட்டும், ஃபீல்டில் ஐந்து, 5 இல் ஐந்து, 6 இல் ஆறு, 8 இல் ஆறு. முதல் அரை மணித்தியாலத்தில் அவர் முன்னால் நிற்கக்கூடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மூன்று நான்கு இரவு தொடர்ந்து எறியட்டும். கசினோவாக நீங்கள் இருங்கள்.